ஓட்டுநர் சார்ந்தது

மணிக்குப் பத்து கிலோமீற்றர்.
கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றேன்.
நிஸ்தார் சிரித்தான்:
"இதுக்கு மாட்டு வண்டில் பிடிச்சிருக்கலாமே மிஸ்."

விடியப்புறம் மூன்றரை. பாலம் இலக்கம் 9/4.
ஐந்து கண், நாலு தூண்,
கீழே கொட்டியாரக் குடாவைத் தேடிப் போகும் உவர்நீர்.

முன்பெல்லாம் ஒரு பாலத்தின் உடம்பை அறிய
பத்து நாள் வேண்டும்.
கயிற்றில் தொங்கி அடிவயிற்றில் உணரி ஒட்டி,
வீதியை மறித்து,
மறிக்க வந்த பொலிசுக்குத் தேநீர் வாங்கி.
இப்போது இந்தப் பழைய வான் போதும்.
அச்சுக்கு ஒன்றாய் இரண்டு உணரி,
ஆசனத்தின் கீழ் ஒன்று.
பாலம் துடிப்பதைச் சில்லு கேட்கும்.
சில்லு கேட்டதை என் மடிக்கணினி எழுதும்.

கேட்பது சுலபம்.
கழிப்பதில்தான் கண் பூத்துப்போகும்.
முதலில் வானின் சொந்த நடுக்கம்:
தேய்ந்த டயர், தளர்ந்த வில்தகடு,
ஒருபோதும் சரியாகப் பூட்டாத பின்கதவு.
அடுத்து வீதியின் மேடுபள்ளம்:
முன்சில்லு சொன்னதைப்
பின்சில்லு சொன்னதிலிருந்து எடுத்தால்
ஒரே குழி இரண்டு தரம் வந்து
தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.
மிஞ்சுவது பாலம்.

மிஞ்சியது இரண்டு.

வினாடிக்கு மூன்று புள்ளி ஆறு:
அது பாலம்தான், நேர்மையாய் நிமிர்ந்த ஒரு கூர்ப்பு.
ஐந்து புள்ளி இரண்டில் இன்னொன்று,
மெலிந்தது, நாலாம் கண்ணில் மட்டும்.

தாங்கி தளர்ந்ததோ, வெடிப்போ.
நண்டுவலைக்கு வந்த புண்ணியசேகரத்தின் தோணியில் இறங்கி
டோர்ச் அடித்துத் தூணைச் சுற்றினேன்.
சிப்பி, பாசி, யாரோ எழுதிய காதல், வௌவால் எச்சம்.
"பாலத்துக்கு ஒண்டுமில்ல பிள்ள" என்றார் அவர்,
என் கருவிகளைக் கேட்காமலே.

ஆறாம் ஓட்டம்.
திரையை விட்டுத் தற்செயலாய்த் தலை திருப்பினேன்.
சுக்கானில் நிஸ்தாரின் கை கல்லாய் இருந்தது.
இடது முழங்கால் மட்டும்
தையல் மெசின் போல ஓடியது.
நாலாம் கண் முடிய, நின்றது.

"பழக்கம்" என்றான்.
அடுத்த கரையில் வான் திரும்பும்போது
கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்:
"பாதை ஓடின காலம். எனக்கு ஏழு வயசு.
உம்மாக்கு வலி வந்து ஏத்திக்கொண்டு போறம்,
சரியா இந்த இடத்தில இஞ்சின் நிண்டு போச்சு.
லாம்பு என்ர கையில.
வெளிச்சம் ஆடக்கூடா எண்டு பொம்பளையள் சத்தம் போட்டாங்க.
ஆடல்ல.
கால்தான்."

பிறகு என்ன நடந்தது என்று
அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
மடிக்கணினியின் விசிறி மட்டும் சுற்றியது.

மூதூர் முதல் பஸ் வரும் நேரம்.
நாலாம் கண் நடுவில் வானை ஓரம்கட்டி
எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.
பாலத்தை எழுப்ப எங்கள் வானின் பாரம் போதாது,
பஸ்தான் வேண்டும்.
தூரத்திலேயே ஹோர்ன்,
பிறகு வெளிச்சம், பிறகு தயிர்ச்சட்டிகள் மோதும் சத்தம்,
பிறகு தார் எங்களை மெல்லத் தூக்கி இறக்கியது,
மூச்சு விடுகிற விலங்கின் முதுகில் இருப்பது போல.
பஸ் போய்விட்டது. பாலம் இன்னும் ஆடியது,
குறைந்து, குறைந்து.

நிஸ்தார் இரண்டு உள்ளங்கையாலும்
முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தான்.
"இப்ப?"
"இப்ப பாலம் மட்டும்தான்."

அறிக்கையில் ஒரு வரி:
ஐந்து புள்ளி இரண்டு, ஓட்டுநர் சார்ந்தது, நீக்கப்பட்டது.
தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன்.
மூலக் கோப்பை மட்டும் தொடவில்லை.

கீழே இருளுக்குள்ளிருந்து புண்ணியசேகரம்:
"என்ன, விழுமா?"
"விழாது அண்ணை."
"அப்ப ரெண்டு கிலோ நண்டு வாங்குங்கோ,
உயிரோட கிடக்கு."